கையால் போட்டால் ஏறுகிறது, தானாக ஏற மறுக்கிறது: அலுவலகக் கணினிகளில் மென்பொருள் நிறுவல்

ராணிப்பேட்டையில் தலைமை அலுவலகமும் ஆம்பூரில் தொழிற்சாலையும் உள்ள தோல் பொருள் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணினிப் பிரிவைத் தனியாளாகக் கவனித்துவரும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கான பதில் இது. ஏற்றுமதிப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சிடும் மென்பொருளை, எம்எஸ்ஐ கோப்பாக (விண்டோஸின் நிறுவல் தொகுப்பு), விண்டோஸ் டொமைனின் (அலுவலகக் கணினிகளைச் சர்வரிலிருந்து ஒன்றாக நிர்வகிக்கும் அமைப்பு) குரூப் பாலிசி (அங்கிருந்து கணினிகளுக்குப் போகும் கட்டளைத் தொகுப்பு) மூலம் எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பியிருக்கிறார். ராணிப்பேட்டையில் பாதிக் கணினிகளில் உடனே ஏறியது. சிலவற்றில் இரண்டொரு நாள் கழித்து ஏறியது. சிலவற்றில் இன்றுவரை இல்லை. ஆம்பூரில் ஒன்றில்கூட ஏறவில்லை. திரையில் பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. அதே கோப்பை அட்மினிஸ்ட்ரேட்டராக உள்நுழைந்து இருமுறை சொடுக்கினால் சிக்கலின்றி ஏறிவிடுகிறது. ஆகவே, கோப்பில் குறையில்லை என்ற முடிவுக்கு வந்து, பேசாமல் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு ஆம்பூருக்குப் போய் ஒவ்வொன்றாகப் போட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் என்பதே என் பதில். நேரம் வீணாகும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. எம்எஸ்ஐ முறையில் நிறுவப்படும் மென்பொருள், தான் எந்த இடத்திலிருந்து நிறுவப்பட்டது என்பதைக் கணினியின் பதிவகத்தில் (ரெஜிஸ்ட்ரி) குறித்துவைத்துக்கொள்ளும். ஆறு மாதம் கழித்துப் பழுதுபார்ப்போ திருத்தக் கோப்போ வரும்போது, மூலக்கோப்பு தேவைப்பட்டால், அது அந்தப் பென் டிரைவைத் தேடும். கிடைக்காவிட்டால் 1612 என்ற பிழையெண்ணோடு நின்றுவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, கையால் போடும்போது மென்பொருள் அந்தப் பயனருக்கு மட்டும் உரியதாகப் பதிவாகிவிட வாய்ப்புண்டு என்பது. கணினி முழுமைக்குமாகப் பின்னர் வரும் புதிய பதிப்பு, ஒரு பயனருக்கு மட்டும் பதிவான பழைய பதிப்பைக் கண்டுகொள்ளாது. இரண்டும் ஒரே கணினியில் அருகருகே கிடக்கும், எதைத் திறக்கிறோம் என்று அச்சிடும் ஊழியருக்கே தெரியாது. இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள்: இந்த மென்பொருள் ஏறாமல் போன கணினியில், நீங்கள் அடுத்து அதே வழியில் அனுப்பப்போகும் எதுவும் ஏறப்போவதில்லை. தடையைக் கண்டுபிடித்து நீக்குவதுதான் நீங்கள் செய்ய வேண்டிய வேலை. லேபிள் மென்பொருள் அந்தத் தடையைக் காட்டிக்கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கையால் போட்டபோது ஏறியது என்ற சான்றை முதலில் ஒதுக்கிவையுங்கள். இந்தத் துறையில் மிகுதியான ஆட்களை மிகுதியான நாட்கள் தவறான திசையில் அலையவைப்பது அந்த ஒரு சான்றுதான். நீங்கள் இருமுறை சொடுக்கும்போது உங்கள் பெயரில், உங்கள் உரிமைகளோடு, உங்கள் டிரைவ் எழுத்துகளோடு, நெட்வொர்க் முழுமையாக எழுந்த பிறகு, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒரு மனிதர் திரைமுன் அமர்ந்திருக்கும் நிலையில் நிறுவல் நடக்கிறது. கணினிக்கு ஒதுக்கப்பட்ட பாலிசி வழியே நடக்கும்போது, யாரும் உள்நுழைவதற்கு முன்பே, சிஸ்டம் என்ற உள்கணக்கின் பெயரில் அது நடக்கிறது. அந்தக் கணக்கு உள்ளூரில் எல்லா அதிகாரமும் உடையது. ஆனால், சர்வரை அணுகும்போது அது அந்தக் கணினியின் சொந்த டொமைன் கணக்காக, அதாவது பெயரின் இறுதியில் டாலர் குறி இடப்பட்ட கணக்காகவே போய் நிற்கும். சர்வர் கோப்புறைக்கு நீங்கள் வைத்திருக்கும் இசட் டிரைவ் என்ற பெயர் அதற்குத் தெரியாது. உங்களுக்குத் திறந்திருக்கும் ஷேர் (சர்வரில் பகிரப்பட்ட கோப்புறை) அதற்கும் திறந்திருக்கும் என்று எண்ணிவிடவும் முடியாது.

ஆகவே, ஏறாத ஒரு கணினியை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். கட்டளை அந்தக் கணினிக்கு வந்து சேர்ந்ததா? வந்திருந்தால், கோப்பை அதனால் எட்ட முடிந்ததா? எட்டியிருந்தால், நிறுவி எந்த இடத்தில் நின்றது? மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்கி மென்பொருள் நிறுவனத்துக்குப் புகார் எழுதுபவர்களே பெரும்பாலோர். ஆனால், உங்களுடையதைப் போல் சிலவற்றில் ஏறிச் சிலவற்றில் ஏறாத சூழலில், கோளாறு பெரும்பாலும் முதல் இரண்டில்தான் இருக்கும்.

கட்டளை வந்ததா என்பதை அறிய, அந்தக் கணினியில் கட்டளைச் சாளரத்தை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு திறந்து, வந்துசேர்ந்த பாலிசிகளைப் பட்டியலிடும் ஜிபிரிசல்ட் கட்டளையை இயக்குங்கள். உயர் உரிமை இல்லாமல் திறந்தால் பயனர் பகுதி மட்டும் தெரியும், கணினிப் பகுதி தெரியாது. அதைப் பார்த்துவிட்டுப் பாலிசியே வரவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பட்டியலில் உங்கள் பாலிசி இல்லையென்றால், ஆக்டிவ் டைரக்டரியில் (டொமைனின் கணினிகளும் பயனர்களும் பதிவாகியிருக்கும் இடம்) அந்தக் கணினி எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். புதிதாக டொமைனில் சேர்க்கப்படும் கணினிகள், யாரும் இடம் மாற்றாதவரை, கம்ப்யூட்டர்ஸ் என்ற இயல்பான பெட்டகத்தில்தான் விழும். அது நிறுவன அலகு (ஆர்கனைசேஷனல் யூனிட்) அன்று என்பதால் அதன்மேல் பாலிசியை இணைக்கவே முடியாது. டொமைன் முழுமைக்குமோ ஆக்டிவ் டைரக்டரியின் சைட்டுக்கோ இணைக்கப்பட்டவை மட்டுமே அங்கே செல்லும். கடைசியாக வாங்கிய கணினிகளில் மட்டும் ஏறவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்க்கும் இடம் அதுதான். கணினிகளை ஒரு பாதுகாப்புக் குழுவில் சேர்த்து அக்குழுவுக்குப் பாலிசியை ஒதுக்கியிருந்தால், சேர்த்த பிறகு கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால்தான் அந்த உறுப்பினர் தகுதி அதற்கே தெரியவரும். பயனர்களுக்கு ஒதுக்கும் பாலிசிகளாக இருந்தால் இன்னொரு சங்கதி உண்டு: 2016 ஜூனில் வந்த எம்எஸ்16-072 பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு, பயனர் பாலிசியையும் கணினிக் கணக்கின் பெயரிலேயே விண்டோஸ் படிக்கிறது. எனவே, பாலிசி சிலருக்கு மட்டும் போகட்டும் என்று ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் குழுவை எடுத்துவிட்டவர்கள், டொமைனின் கணினிகள் அடங்கிய டொமைன் கம்ப்யூட்டர்ஸ் குழுவுக்குப் படிக்கும் உரிமையையாவது தந்தாக வேண்டும்.

டிஎன்எஸ் (கணினிப் பெயரை நெட்வொர்க் முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரியையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். நம் பக்கத்து அலுவலகங்களில் நெட் வரவில்லை என்று சொன்னதும், வரும் டெக்னீஷியன் 8.8.8.8 என்று கூகுளின் பொது டிஎன்எஸ் முகவரியைக் கையால் அடித்துவிட்டுப் போவது அன்றாட வழக்கம். நெட் வந்துவிடும், ஆனால், டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரின் முகவரியை அந்தக் கணினியால் இனிக் கண்டுபிடிக்க முடியாது. பழைய கடவுச்சொல் நினைவில் இருப்பதால் பயனர் உள்நுழைவது தடைபடாது. எனவே, மாதக்கணக்கில் யாருக்கும் ஐயம் எழாது. டொமைனில் உள்ள கணினிக்கு டொமைனின் டிஎன்எஸ் சர்வர் மட்டுமே கொடுக்கப்பட வேண்டும், இரண்டாவது முகவரியாகக்கூட வெளி முகவரி கூடாது.

இனி, சிலவற்றில் இரண்டொரு நாள் கழித்து ஏறியது என்று நீங்கள் எழுதியிருந்த பகுதிக்கு வருகிறேன். உங்கள் கேள்வியிலேயே அதிகம் சொல்லும் வரி அதுதான். விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே, பயனரைக் காக்கவைக்கக் கூடாது என்பதற்காக, நெட்வொர்க் எழும்வரை நிற்காமல் உள்நுழையும் திரையைக் காட்டிவிட்டு, பாலிசிகளைப் பின்னணியில் வாங்கிக்கொள்ளும் வழக்கம் விண்டோஸுக்கு உண்டு. மென்பொருள் நிறுவலைப் பின்னணியில் செய்ய முடியாது. எனவே, முதல் தொடக்கத்தில் இப்படியொரு வேலை இருக்கிறது என்று குறித்துவைத்துக்கொண்டு, அடுத்த தொடக்கத்தில் காத்திருந்து அதைச் செய்யும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் இவென்ட் வியூவரின் சிஸ்டம் பகுதியில் 1274 என்ற எண்ணோடு ஒரு பதிவு கிடந்தால் அதன் பொருள் இதுதான். அது கோளாறு அன்று, ஒத்திவைப்பு. கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷனின் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ் பகுதியில், சிஸ்டம் என்பதன் கீழ் லாகான் என்ற தலைப்பில், தொடக்கத்தின்போதும் உள்நுழைவின்போதும் எப்போதும் நெட்வொர்க்குக்காகக் காத்திரு என்ற அமைப்பு இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் இந்த இரட்டைத் தொடக்கம் தேவைப்படாது. காலையில் சில நொடிகள் கூடுதலாகும். நிர்வகிக்கப்படும் அலுவலகக் கணினிகளுக்கு அந்தச் சில நொடிகள் தகும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த இரண்டாவது தொடக்கமே நடக்காமல் போவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. உங்கள் ராணிப்பேட்டை அலுவலகத்தில் இன்றுவரை ஏறாத கணினிகளுக்கு அதுவே காரணமாக இருக்கும் என்று எண்ணுகிறேன். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி, அதை ஏற்கும் கணினிகளில், இயல்பாகவே இயக்கப்பட்டு வருகிறது. ஊழியர் மாலையில் ஷட் டவுன் கொடுத்துவிட்டுப் பேருந்துக்குப் போகிறார். ஆனால், விண்டோஸின் உட்கரு அணைவதில்லை, தன் நிலையை வட்டில் எழுதிவைத்துவிட்டு உறங்குகிறது, காலையில் அதே நிலையிலிருந்து எழுகிறது. கணினி தொடக்கத்தில் நடக்க வேண்டிய பாலிசி வேலைகள் அன்று நடப்பதில்லை. இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், அந்தக் கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு என்பதைச் சொடுக்கி, கீழே அப் டைம் என்ற எண்ணைப் பாருங்கள். தினமும் மாலையில் அணைக்கப்படும் கணினி என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பெட்டி, பத்து இருபது நாட்களாக ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டினால் காரணம் கிடைத்துவிட்டது. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் முழுத் தொடக்கம் நடக்கும். நிரந்தரத் தீர்வு அந்த வசதியை அணைத்துவிடுவது. இதில் ஒரு பொறி உண்டு: குரூப் பாலிசியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைக் கட்டாயமாக்கும் அமைப்பை முடக்கினால் வசதி அணைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி முடக்கினால் அந்தந்தக் கணினியின் சொந்த அமைப்பே தொடரும். செஷன் மேனேஜரின் பவர் கிளையில் உள்ள ஹைபர்பூட் எனேபிள்டு என்ற பதிவக மதிப்பை, குரூப் பாலிசி பிரிஃபரன்ஸ் வழியாக, 0 என்று மாற்ற வேண்டும். பதிவக மாற்றம் பின்னணியிலேயே போய்ச் சேரும் என்பதால் அதற்காக யாரையும் ரீஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டியதில்லை.

கணினியின் கடிகாரமும் இந்த முதல் கட்டத்தைச் சேர்ந்ததுதான். டொமைனில் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் அங்கீகாரம் இயல்பாக ஐந்து நிமிட வேறுபாட்டைத்தான் பொறுத்துக்கொள்ளும். காலணித் தொழிற்சாலை ஒன்றின் பேக்கிங் கூடத்தில் இருந்த ஒரு பழைய கணினியில், மாதத்துக்கு ஒருமுறை மட்டும் பாலிசி செயல்படாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பொத்தான் மின்கலம் தீர்ந்துபோயிருந்தது. சுவரிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரை கடிகாரம் பிழைத்திருக்கும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் பகல் முழுதும் மின்சாரம் நின்று, யுபிஎஸ் மின்கலமும் தீர்ந்ததும், தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். மறுநாள் தொடக்கத்தில் பாலிசி தோற்கும். சிறிது நேரத்தில் டொமைனிடமிருந்து சரியான நேரம் வந்துவிடுவதால், நாம் போய்ப் பார்க்கும்போது கடிகாரம் சரியாகவே இருக்கும். இவென்ட் வியூவரில் கணினிக்கும் சர்வருக்கும் நேர வேறுபாடு இருப்பதாக ஒரு பதிவு இருந்ததும், அதற்கு முந்தைய பதிவுகளின் தேதிகள் தாறுமாறாக இருந்ததும்தான் அதைக் காட்டிக்கொடுத்தன. சில ரூபாய் விலையுள்ள மின்கலத்தை மாற்றியதோடு அது தீர்ந்தது.

கட்டளை வந்திருக்கிறது என்று உறுதியானால், அடுத்தது கோப்பு. பாலிசியில் எம்எஸ்ஐ கோப்பைச் சேர்த்தபோது டிரைவ் எழுத்தின் வழியே போய்த் தேர்ந்தெடுத்தீர்களா, அல்லது சர்வர் பெயரில் தொடங்கும் முழு நெட்வொர்க் முகவரியைத் தட்டச்சு செய்தீர்களா என்று பாருங்கள். டிரைவ் எழுத்தாக இருந்தால் அது எந்தக் கணினியிலும் வேலை செய்யாது. முகவரி சரியென்றால் உரிமைகள். ஷேரின் உரிமை, கோப்புறையின் உரிமை ஆகிய இரண்டிலும் டொமைன் கம்ப்யூட்டர்ஸ் குழுவுக்குப் படிக்கும் உரிமை இருக்க வேண்டும். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாவிட்டால் பயனில்லை. ஊகிக்காமல் நேரே சோதிக்க வழியுண்டு. மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் கருவித்தொகுப்பில் உள்ள பிஎஸ்எக்செக் கருவியை எஸ் என்ற தெரிவோடு இயக்கினால், சிஸ்டம் கணக்கின் பெயரில் ஒரு கட்டளைச் சாளரம் திறக்கும். அதிலிருந்து அந்த ஷேரின் கோப்புப் பட்டியலைக் கேளுங்கள்; அணுக்கம் மறுக்கப்பட்டது என்று வந்தால் கோளாறு உங்கள் கண்முன் நிற்கிறது. கேள்வி எதுவும் கேட்காமல் நடக்கும் அமைதி நிறுவலையும் அங்கிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். இந்தச் சாளரத்தில் ஏறினால்தான் ஏறியது என்று நான் ஒப்புக்கொள்வேன்.

உரிமை மறுக்கப்படுகிறதே என்ற எரிச்சலில் எவ்ரிஒன் குழுவுக்கு முழுக் கட்டுப்பாட்டையும் கொடுத்துவிடும் பழக்கத்தைப் பல இடங்களில் பார்க்கிறேன். இதைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஷேரில் உள்ள கோப்பு, அலுவலகத்தின் ஒவ்வொரு கணினியிலும் மிக உயர்ந்த அதிகாரத்தோடு இயங்கப்போகிறது. அதை மாற்றி எழுதும் உரிமை யாருக்கெல்லாம் இருக்கிறதோ அவர்கள் எல்லோரும், அவர்களுடைய கணினியில் புகும் வைரஸ் உட்பட, மொத்த அலுவலகத்துக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர்கள் ஆகிவிடுகிறார்கள். படிக்கும் உரிமை போதும். எழுதும் உரிமை உங்களுக்கு மட்டும் இருக்கட்டும்.

ஆம்பூர் விஷயம் பெரும்பாலும் இணைப்பின் வேகம். வேகம் நொடிக்கு 500 கிலோபிட்டுக்குக் கீழ் என்று விண்டோஸ் கருதினால் அதை மெதுவான இணைப்பாக எடுத்துக்கொள்ளும். மெதுவான இணைப்பில் பாதுகாப்பு அமைப்புகள் போகும், மென்பொருள் நிறுவல் இயல்பாகவே தவிர்க்கப்படும். ஜிபிரிசல்ட் அறிக்கையில் மெதுவான இணைப்பு கண்டறியப்பட்டதா என்ற வரி இருக்கும், அதைப் பாருங்கள். மெதுவான இணைப்பிலும் நிறுவு என்று பாலிசியை மாற்ற முடியும்தான். ஆனால், காலை ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் எல்லாக் கணினிகளும் ஒரே விபிஎன் குழாய் வழியே பெரிய கோப்பை ஒரேசமயம் இழுத்தால் தொழிற்சாலையின் பில்லிங்கும் சேர்ந்து நிற்கும். ஆம்பூரிலேயே ஒரு சர்வரில் அதே கோப்பின் நகலை வைத்து, அந்த இடத்துக்கெனத் தனிப் பாலிசி அமைத்து, அந்த நகலைக் காட்டுவதே நல்லது; முந்தைய இரவில் நகலை ஏற்றிவைத்துவிடலாம். எம்எஸ்ஐ அல்லாத செட்அப் கோப்பைத் தொடக்க ஸ்கிரிப்ட் மூலம் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு வரம்பு: ஸ்கிரிப்ட்கள் முடிய இயல்பாக 600 நொடிகளே தரப்படும், மெதுவான இணைப்பில் பாதி நிறுவலிலேயே அது கடந்துவிடும்.

மூன்றாவது கட்டத்துக்கு வந்துவிட்டால், பதிவேடு (லாக்) இல்லாமல் ஒரு அடியும் வைக்காதீர்கள். விண்டோஸ் இன்ஸ்டாலருக்கான பாலிசியில் பதிவேட்டை இயக்கிவிட்டால், விண்டோஸ் கோப்புறையின் டெம்ப் பகுதியில் எம்எஸ்ஐ எனத் தொடங்கும் பதிவுக் கோப்பு ஒன்று உருவாகும். அது ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும். முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. ரிட்டர்ன் வேல்யூ 3 என்ற சொற்களைத் தேடுங்கள். முதன்முதலில் அது எங்கே வருகிறதோ, அதற்கு மேலே உள்ள பத்துப் பதினைந்து வரிகளில் உண்மைக் காரணம் இருக்கும். அதற்குக் கீழே வருபவை எல்லாம் பின்வாங்கும் வேலைகள். திரையில் தெரியும் 1603 என்ற எண் ஏதோ தவறியது என்பதைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை. அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இணையத்தில் தேடினால் நூறு பேருடைய நூறு வெவ்வேறு கோளாறுகள்தான் கிடைக்கும். 1618 என்றால் அதே நேரத்தில் வேறொரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது, பொறுத்துப் பின்பு முயல வேண்டும். 1619 என்றால் கோப்பைத் திறக்கவே முடியவில்லை, இரண்டாம் கட்டத்துக்குத் திரும்புங்கள். 3010 வெற்றிதான், ரீஸ்டார்ட் மட்டும் பாக்கி; அதைத் தோல்வி என்று எண்ணி மீண்டும் மீண்டும் நிறுவும் ஸ்கிரிப்ட்களை எழுதிவிடாதீர்கள்.

நிறுவல் தோற்கவும் இல்லை, முடியவும் இல்லை, தொங்கிக்கொண்டிருக்கிறது என்றால், யாரும் பார்க்க முடியாத இடத்தில் ஒரு கேள்விச் சாளரம் காத்திருக்கிறது என்று கொள்ளலாம். விஸ்டாவிலிருந்து சேவைகள் ஓடும் அமர்வு பயனரின் திரையிலிருந்து பிரிக்கப்பட்டுவிட்டது. அங்கே எழும் சாளரம் எந்தத் திரையிலும் தோன்றாது, அதற்கு யாரும் ஓகே கொடுக்கவும் முடியாது. ஏற்றுமதி அலுவலகங்களில் சுங்க ஆவணங்களுக்குப் பயன்படும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் டிரைவரை நிறுவும்போது இது நேரலாம். இந்த வெளியீட்டாளரை நம்புகிறீர்களா என்று விண்டோஸ் கேட்கும். வெளியீட்டாளரின் சான்றிதழை, நம்பகமான வெளியீட்டாளர்கள் என்ற பகுதியில், பாலிசி மூலம் முன்கூட்டியே சேர்த்துவிட்டால் கேள்வி எழாது. அமைதி நிறுவலுக்கான தெரிவு ஒவ்வொரு செட்அப் வகைக்கும் மாறும். சில வகைகளில் எஸ் என்ற எழுத்தைச் சிறியதாக எழுதினால் ஏற்காது, பெரியதாகவே எழுத வேண்டும்.

நீங்கள் நாளை, கணினிகளை இணையம் வழியே நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் இன்ட்யூன் போன்ற கருவிக்கு மாறினாலும் இந்த மூன்று கேள்விகள் அப்படியே செல்லும். அங்கே கூடுதலாக ஒன்று உண்டு: நிறுவப்பட்டதா என்று சரிபார்க்கும் விதியை நீங்களே எழுத வேண்டும். அந்தச் சரிபார்ப்பு ஸ்கிரிப்ட் 32 பிட் முறையில் இயங்குமாறு அமைத்துவிட்டால், 64 பிட் கோப்புறையையும் பதிவகத்தையும் குறிவைத்து எழுதியது வேறிடத்தில் போய்த் தேடிவிட்டு, ஏறிய மென்பொருளையே ஏறவில்லை என்று அறிவிக்கும்.

ஒரு எச்சரிக்கை. எப்படியாவது ஏற்றிவிட வேண்டும் என்று அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல்லை ஸ்கிரிப்ட்டுக்குள் எழுதிவிடாதீர்கள். பாலிசிக் கோப்புகள் இருக்கும் சிஸ்வால் ஷேரை டொமைனின் எந்தப் பயனரும் படிக்கலாம். குரூப் பாலிசி பிரிஃபரன்ஸில் கடவுச்சொல்லை மறையாக்கி வைக்கும் வசதியைக்கூட, அதன் திறவுகோல் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், 2014 மே மாதம் எம்எஸ்14-025 திருத்தத்தில் மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. அதற்கு முன்பு யாரோ எழுதிவைத்தவை அழிக்கப்படாமல் பழைய டொமைன்களில் இன்னும் கிடக்கக்கூடும். உங்களுடையதிலும் ஒருமுறை தேடிப் பார்த்து, இருந்தால் அந்தப் பாலிசியை நீக்கிவிட்டுக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

முதலில் ராணிப்பேட்டையில் ஏறாத ஒரு கணினியில் அப் டைம் எண்ணையும், ஆம்பூரில் ஒரு கணினியில் ஜிபிரிசல்ட் அறிக்கையில் மெதுவான இணைப்பு பற்றிய வரியையும் பாருங்கள்; ஆம்பூருக்கு நேரில் போக வேண்டியதில்லை, ரிமோட்டில் போதும். இரண்டும் சரியாக இருந்து மென்பொருள் மட்டும் ஏறவில்லையென்றால், ரிட்டர்ன் வேல்யூ 3 வரும் இடத்துக்கு மேலே உள்ள இருபது வரிகளை, கணினிப் பெயரையும் பயனர் பெயரையும் மறைத்துவிட்டு, எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு எழுதுகிறேன்.